இஞ்சேரும்

கீசன் என்று எழுதுகிறேன்.
முன்னால் ஓர் எழுத்து இருந்தது.
அதை நான் விற்றுவிட்டேன்.

டியூசன் முடிந்து
எல்லாரும் வீட்டுப் பக்கம் சைக்கிளைத் திருப்ப
நாங்கள் பதினொரு பேர் மட்டும் நிலாவரைக்கு மிதிப்போம்.
பத்தாவது படியில் கிணறு விலகி வழிவிடும்.
உள்ளே கரும்பலகை.
முதலாமிடம் அவன். இரண்டாமிடம் நான்.
அரைப் புள்ளி.
ஒவ்வொரு தவணையும் அதே அரைப் புள்ளி.

மந்திரத்துக்குக் கட்டணம் காசில்லை, சொல்.
கொடுத்த சொல் பிறகு நாக்கில் ஏறாது,
பேனைக்குள்ளும் இறங்காது.
நெருப்பை மடித்துச் சட்டைப்பையில் வைக்கப் படித்தபோது
தேத்தண்ணிக்குள் போடும் அந்த வெள்ளையைக் கொடுத்தேன்.
அம்மா கேட்டால் போத்தலைச் சுட்டுவேன்.
நிழலைக் கழற்றப் படித்தபோது
ஐப்பசியில் தகரத்தைத் தட்டுவதைக் கொடுத்தேன்.
மலிவான சொற்கள், மலிவான வித்தைகள்.
நெஞ்சுக்குக் கிட்டக் கிடக்கும் சொல்லுக்குத்தான் விலை கூட.
எல்லாவற்றையும் விற்று முடித்தவர்கள்
எங்கள் ஆசிரியர்கள்.
புருவத்தால் திட்டுவார்கள்.

அந்த மாசிப் பரீட்சையில்
அவன் உப்புநீரை எழுப்பி நிறுத்தினான், ஆள் உயரத்துக்கு.
அது திரும்பி என்னைப் பார்த்தது.
எதைக் கொடுத்தான்?
தெரிந்தால் அதற்குமேல் கொடுப்பேன்.

ஒரு வருடம் அவனை ஒட்டுக்கேட்டேன்.
கொப்பியில் குறித்தேன்:
பாண் சொல்கிறான். பஞ்சர் சொல்கிறான்.
அம்மா சொல்கிறான், தொண்டை கட்டியிருந்தும்.
சாவு கூடச் சொன்னான், கச்சான் உடைத்தபடி.
வல்லை வெளியின் எதிர்காற்றில்
பக்கத்தில் பக்கத்தில் மிதித்து
இருக்கிற சாமிகளின் பெயரெல்லாம் சொல்லவைத்தேன்.
கொப்பி முடிந்தது. ஒன்றும் குறையவில்லை.

மட்டையை மூடும்போதுதான் பட்டது.
"இஞ்சேரும், உம்மட செயின் கழருது."
"இஞ்சேரும், அந்த மூன்றாம் வரி பிழை."
கலியாணம் கட்டி முப்பது வருடமானவர் கூப்பிடுவதுபோல.
நான் அதைத் திமிர் என்று எண்ணியிருந்தேன்.

ஏன் என்று கேட்டேன்.
கரும்பலகையைத் திருப்பிக் காட்டினான்.
பின்பக்கத்தில், இறுதித் தவணையில் முதலாமிடம் எடுத்தவர்கள்.
ஒருத்தரும் திரும்பப் படியேறவில்லை.
"நீர் ரெண்டாவதா இருந்தால் காணும்."

அன்றைக்குத்தான் அவனை உண்மையிலேயே வெறுத்தேன்,
எனக்காக என்னைத் தோற்கடித்துக்கொண்டிருந்தவனை.

இறுதி இரவு
என்னிடம் நெஞ்சுக்குக் கிட்ட ஓர் எழுத்துத்தான் மிச்சம்.
தனியே நின்றால் அழைப்பு.
முன்னால் நின்றால் அவன்.
கொடுத்தேன்.
கிணறு முழுக்க எழுந்து நின்றது.
அரைப் புள்ளி, எனக்கு.

படியில் நின்று சொல்லப் பார்த்தேன்,
செத்தவீட்டில் மட்டுமே எங்கள் சனம்
சொல்லாமல் விடுகிற அதை.
"போட்டு..."
மிச்சம் நாக்கில் இல்லை.
அவன் என் பெயரைத் தேடினான்.
கழுத்து நரம்பு புடைத்தது.
"இஞ்சேரும்! இஞ்சேரும்!"
தண்ணீர் மூடிக்கொண்டது.

மேலே நன்னீர், கீழே உப்பு.
விற்ற சொற்கள் எல்லாம் இந்த உப்பில் மிதக்கின்றன.
மூன்றாம் நாள் கிடைத்தது:
தாட்சாயினி.
அவன் குரலில், கொஞ்சம் கரகரப்போடு.
ஒரே ஒரு தடவை கேட்டேன்.
தேய்ந்துபோகும் என்று
கல்லிடுக்கில் வைத்திருக்கிறேன்.

என் எழுத்து மட்டும் கீழே தங்குதில்லை.
இரவில் மெல்ல எழும்பி
நன்னீரையும் கடந்து
என் குரலிலேயே அழைக்கிறது.

மேலே சைக்கிள் ஸ்டாண்ட் தட்டுகிற சத்தம்.
கல்லில் ஒரு செருப்பு. பிறகு மற்றது.
போ, என்று கத்துகிறேன். போ.
அந்தச் சொல்
உப்பைத் தாண்டவில்லை.