ஒடிச்சு வா

அங்கப்ப நாயக்கன் தெருவில்
பார்சல் லாரிகளின் பின்னால் நின்று
இரண்டு வருடம் ரிவர்ஸ் பார்த்தவன் நான்.
பாடியில் இரண்டு தட்டு, வா.
ஒரு தட்டு, நில்.
குறுக்கே மாடு படுத்திருந்தால் விசில்.
ஓட்டுகிறவர் நெல்லூரோ நாமக்கல்லோ,
என் உள்ளங்கை எல்லோருக்கும் புரிந்தது.

விமானத்தைத் தட்ட முடியாது.
மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு
காதுகளைக் கவசத்தில் அடைத்துக்கொண்டு
தளத்தின் நடுவே நிற்க வேண்டும், அவ்வளவுதான்.
எண்ணூர்ப் புகைபோக்கிகளும் மறைந்துவிட்ட
நாற்பது கடல் மைல் கிழக்கே
அன்று காலை வந்தது
நம்முடையது அல்லாத ஒன்று.

வால் கொக்கி மூன்றாவது கம்பியைக் கவ்வ,
கப்பல் ஒருமுறை வயிற்றை எக்கியது.
வேறு கொடி வரைந்த வால்
நம் இரும்பின் மேல் நின்று அனல் விட்டது.

நான் கைகளை உயர்த்தினேன்.
கண்ணாடிக்குள் ஒரு தலைக்கவசம் அசைந்தது.
இந்தச் சைகைகளுக்கென்று ஆறு வாரம்
படம் போட்டுப் பாடம் நடத்தியிருந்தார்கள்.
என் வாய் மட்டும், யாருக்கும் கேட்காமல்,
மண்ணடியிலேயே இருந்தது:
ஒடிச்சு வா, ஒடிச்சு வா,
இன்னும் ஒடி,
நேரா, நேரா,
போதும்.
முன் சக்கரம் கோட்டின் மேல் நின்றது.

அதே நிமிடம் அவர்கள் கப்பலில்
நம் பட்வர்தன் இறங்கிக்கொண்டிருந்தார்.
அவரை யார் ஒடித்து வாங்கினார்களோ,
என்ன முனகினார்களோ.

சங்கிலி மாட்டுவது என் வேலையில்லை
என்றாலும் குனிந்து பார்த்தேன்.
அவர்கள் வளையத்துக்கு நம் கொக்கி அரை நூல் பெரிது.
இடையில் போட ஒரு துண்டு
அம்பத்தூர் எஸ்டேட்டில் கடைந்து வாங்கியது.
எதற்கென்று பட்டறைக்காரரும் கேட்கவில்லை,
நாங்களும் சொல்லவில்லை.

விமானி இறங்கி வந்தார். ஒலிவியே.
கை குலுக்குவதற்கு முன்பே
காக்பிட்டின் மேல் கேன்வாஸ் போர்த்திப் பூட்டுப் போட்டார்.
எங்கள் பக்கமும் கீழ்த்தளத்தில் ஒரு கதவுக்கு
நேற்றிலிருந்து புதிய காவல்.
நான்காயிரம் லிட்டர் எரிபொருள் ஏறியது.
மூன்று பிரதிச் சீட்டு.
'யார் கணக்கில்' என்ற கட்டத்தில்
பென்சிலால் எழுதியிருந்தது: பின்னர்.

அன்றிரவு காற்று முப்பது நாட்.
பார்த்துக்கச் சொல்லி யாரோ
வாசலில் விட்டுப்போன பைக்கைப் போல
அதை எட்டு முறை போய்ப் பார்த்தேன்.
நம்முடையதற்கு இப்படி எழுந்ததில்லை.

நான்காம் நாள் சென்னைத் துறைமுகம்.
செகண்ட் லைன் பீச்சில், பிளாட்பாரத்தில் நின்று
ஒலிவியே அத்தோ தின்றார்.
வாழைத்தண்டு சூப்பை இரண்டாம் முறை நீட்டினார்.
கேன்வாஸுக்கு அடியில் என்ன என்று கேட்டேன்.
சிரித்தார்.
கதவுக்குப் பின்னால் என்ன என்று கேட்டார்.
எனக்கே தெரியாது என்றேன். நம்பவில்லை.

அப்போது சந்துக்குள் ஒரு மினி லாரி
பின்வாங்க முடியாமல் உறுமிக்கொண்டிருந்தது.
தட்டைக் கீழே வைத்துவிட்டு
மனிதர் அதன் பின்னால் போய் நின்று
கைகளை உயர்த்தினார், தளத்தில் நிற்பது போலவே.
கண்ணாடியில் பார்த்த டிரைவர் கத்தினார்:
"யோவ், என்னா டான்ஸா ஆடுற? தட்டுய்யா!"

என்னைத் திரும்பிப் பார்த்தார்.
சொல்லிக்கொடுத்தேன். இரண்டு, வா. ஒன்று, நில்.
தட்டினார். லாரி வந்தது.
நன்றாகவே வந்தது.

கடைசியில் தட்டியது ஒன்றா இரண்டா என்பதில்
எங்களுக்குள் தகராறு.
மின்கம்பத்துக்குக் காயமில்லை.
பம்பரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நசுங்கல்.

முந்நூறு ரூபாய்.
நான் எடுத்துக் கொடுத்தேன்.
ஒலிவியே தன் பையைத் தடவிவிட்டு,
என் தோளில்
இரண்டு தட்டு தட்டி,
பின்னர் என்றார்.