நூற்று எழுபத்தெட்டாம் நாள்

மின்தூக்கி செவ்வாயிலிருந்து ஓடவில்லை.
மூன்று மாடி ஏறி, பனி உருகிய ஷூவோடு
மூச்சு வாங்க நின்றாள்.
"புகார் கொடுக்கிற இடம் இதுதானா?
கீழே நாய் லைசென்ஸ் தருபவர்
இங்கே கைகாட்டினார்."

இதுதான்.
ஒரு மேசை, கூடுதலாக ஒரு நாற்காலி,
ஜன்னலுக்கு வெளியே
மூடிப்போன எஃகு ஆலையின் புகைபோக்கி.
நகர மன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்று
ஒற்றை வாக்கில் பிழைத்த சட்டத்தின்
மொத்த அலுவலகமும் நான்தான்.

பெயர்: வெர்னா ஸ்டோய்கோ.
தொழில்: பள்ளிப் பேருந்து ஓட்டுநர்.
யார் மீது என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
"டன்லெவியின் மூத்தவன் மீது.
அவன் பிள்ளைகள் என் பஸ்ஸில்தான் வருகிறார்கள்."

சின்ன விஷயம்தான் என்றாள்.
எல்லோரும் அப்படித்தான் தொடங்குவார்கள்.

பிர்ச் தெருவில் மாடி வீடு, இரண்டு அறை.
முன்பணம் வாங்கிக்கொண்டான்.
சாவியை எடுத்து நீட்டியும் விட்டான்.
அப்போது ஓடெட்
வண்டியை நிறுத்திவிட்டுப் படியேறி வந்தாள்.
அக்கா தங்கையா என்று கேட்டான்.
இல்லை என்றேன்.
சாவி அவன் பைக்குள் திரும்பிப் போன
சத்தம் மட்டும் இன்னும் போகவில்லை.
மறுநாள் வீடு முடிந்துவிட்டதாம்.
மறுவாரமும் ஜன்னலில்
'வாடகைக்கு' அட்டை தொங்கியது.

அவன் சொன்னதை அப்படியே எழுதுங்கள்,
நாகரிகமாக்க வேண்டாம் என்றேன்.
தேதி, மணி, பக்கத்தில் யார் இருந்தார்கள்.
அட்டையைப் படம் எடுத்தீர்களா?

ஓடெட் எடுத்தாள்.
ஓரத்தில் அவள் கட்டைவிரல் விழுந்துவிட்டது.

விழட்டும். விரலும் சாட்சிதான்.

வக்கீல் வேண்டாம். கட்டணம் கிடையாது.
புகார் கொடுத்ததற்காக உங்கள் மேல் பாய்ந்தால்
அது தனிக் குற்றம், அதற்குத் தனித் தாள்.
நூற்று எண்பது நாளுக்குள் தந்தாக வேண்டும்.
சுவர்க் காலண்டரைப் பின்னோக்கிப் புரட்டி
இருவரும் விரல்விட்டு எண்ணினோம்.
இன்று நூற்று எழுபத்தெட்டு.

இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?
கேட்கக் கூடாத கேள்வி. கேட்டுவிட்டேன்.

"பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன்."

கடைசிப் பக்கத்தின் கடைசி வரி: இணைப்புகள்.
அட்டையின் படம். முன்பண ரசீது.
மன்னிக்கவும் என்று முடியும்
இரண்டு வரிக் குறுஞ்செய்தி.
எழுதிக்கொண்டே வந்தவள் நிமிர்ந்தாள்.
"ஓடெட் பெயரை எங்கே போடுவது?
சாட்சிகளிலா, இங்கேயா?"
இரண்டிலும் போடுங்கள் என்றேன்.
சட்டத்தில் அப்படி எங்கும் இல்லை.

வீடு கிடைக்குமா என்று அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
அங்கே நவம்பரிலிருந்து வேறு யாரோ
திரைச்சீலை மாட்டிவிட்டார்கள் என்று
சொல்ல வேண்டியிருக்கும்.
கடிதம் போகும், அவன் பதில் தருவான்,
ஒரு மேசையில் எதிரெதிரே உட்காரவைப்பார்கள்,
அபராதமும் வரலாம், வராமலும் போகலாம்.
இதை மட்டும் சொன்னேன்.
தலையாட்டினாள்,
மழை வரலாம் என்று சொன்னதைக் கேட்பதுபோல்.

முத்திரையில் நேற்றைய தேதி இருந்தது.
சக்கரத்தைத் திருகி, ஒரு தடவை
வெற்றுத்தாளில் குத்திப் பார்த்து,
அப்புறம் அவள் தாளில்.

நகலை நான்காக மடித்தாள். மணி பார்த்தாள்.
"மூன்றே காலுக்கு அவன் பிள்ளைகள்
பள்ளிவாசலில் நிற்பார்கள்.
சின்னவன் படியில் தடுக்குவான்.
அவன் உட்கார்ந்த பிறகுதான்
வண்டியை எடுப்பேன்."

படிகளில் அவள் ஷூ
கீழ்வரைக்கும் கேட்டது.

நான் உறையை எடுத்தேன்.
டன்லெவியின் மூத்தவன்
என் தம்பியோடு கூடைப்பந்து ஆடியவன்.
சனிக்கிழமை பேக்கரியில்
எனக்கு வரிசையில் இடம் பிடித்து வைப்பவன்.
முகவரி எழுத
பதிவேட்டைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.