காலிப் பெட்டி மேலே விழும்

கண்டியில் என் பொறுப்பில் பதினேழு லிஃப்ட்.
ஆஸ்பத்திரியில் நான்கு, ஹோட்டல்களில் ஒன்பது,
மிச்சம் நகைக்கடை, துணிக்கடை,
பிறகு ஒரு டியூட்டரி. அதன் முதலாளி
கரண்ட் பில்லுக்குப் பயந்து
பகலெல்லாம் பூட்டியே வைத்திருக்கிறார்.

கொழும்பில் தருவதாகச் சொல்வது ஒரே கட்டடம்.
நாற்பத்திரண்டு மாடி.
"நேசன், உனக்கு என்ன வயசு?"
போனில் கேட்டார் பெர்னாண்டோ.
முப்பத்தெட்டு.
நாற்பது தாண்டினால் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்றார் சிங்களத்தில்.
பிறகு அதையே தமிழில் சொன்னார்,
தமிழில் கேட்டால் இன்னும் கொஞ்சம் பயப்படுவேன் என்று நினைத்தோ என்னவோ.

சர்வீஸ் கார்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
சம்பளம் எழுபத்தையாயிரம் கூட.
வத்தளையில் இரண்டு அறை வீடு ஐம்பது,
மாபனாவத்துரையில் இப்போது கொடுப்பது பதினெட்டு,
வித்தியாசத்தைக் கழி.
ஜசிந்தாவின் பார்மசி வேலை, முப்பத்திரண்டு, கழி.
ஸ்கூல் வேன் நாலாயிரம் ஏறும்.
ஃபேன் விடிய விடிய ஓடும், அதற்கொரு இரண்டாயிரத்து எழுநூறு.
கடைசியில் மிஞ்சியது
நாலாயிரத்து முந்நூறு ரூபாய்.
ஒரு கிலோ ஆட்டிறைச்சி,
கேட்டால் கொஞ்சம் எலும்பும் போடுவான்.

இதற்காகவா நாங்கள் இறங்குவது?
இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம்,
கொழும்புக்கு இறங்குகிறேன் என்று.
இறங்கித்தான்
நாற்பத்திரண்டு மாடி ஏற வேண்டும்.

ஜசிந்தா கார்டை வாங்கி
வெளிச்சத்தில் பிடித்தாள்.
மருந்துச் சீட்டு வாசித்துப் பழகிய கண்,
என் கையெழுத்தெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டில்லை.
"என்னோட வேலைய ஏன் கழிச்சிருக்கீங்க?"
நீ விட்டுட்டுத்தானே வரணும் என்றேன்.
"கொழும்புல ஒருத்தருக்கும் காய்ச்சல் வாறதில்லயோ?"

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.
மகனின் சப்பாத்துக்கு வெள்ளை பூசினாள்,
இரண்டு தடவை.

அன்று ராத்திரி ஆஸ்பத்திரி மூன்றாம் லிஃப்டில்
பிரேக் லைனிங் மாற்றினேன்.
ஷாஃப்டுக்குள் டோர்ச் அடித்தால்
எதிர்ப்பாரம் தெரியும்,
சுவரோடு ஒட்டி, ஒரு பீரோ மாதிரி,
வார்ப்பிரும்புப் பலகைகள் அடுக்கி.
பெட்டியின் எடையும்
அது சுமக்கக்கூடிய ஆட்களில் பாதிப் பேரின் எடையும்
அதில் இருக்கிறது.
அதனால்தான் இத்தனூண்டு மோட்டார் போதும்.
பெட்டி ஏறும்போதெல்லாம்
அது சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருக்கும்.
ஏறிப் போகிறவர்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை.

பிரேக் விட்டுப்போனால் பெட்டி கீழே விழும் என்றுதான்
எல்லோரும் பயப்படுகிறார்கள்.
ஆளில்லாத பெட்டி கீழே விழாது.
மேலே விழும்.
வேகமாகப் போய்க் கூரையில் முட்டும்.
பதினாறு வருடமாக இது எனக்குத் தெரியும்.
பெர்னாண்டோவுக்கும் தெரியும்.

நட்டை இறுக்கிக்கொண்டே
அந்தக் கழித்தலை மனசுக்குள் திரும்பப் போட்டேன்,
முப்பத்திரண்டை எடுத்து இந்தப் பக்கம் வைத்து.
எவ்வளவு வந்தது என்பதை எழுதவில்லை,
கையெல்லாம் கிரீஸ்.

வெளியே வந்தபோது விடியப் பார்த்தது.
வார்டில் கஞ்சி வாசம்.
ஷாஃப்டுக்குள் சிக்னல் இல்லாததால்
இப்போதுதான் வந்து விழுந்தன
இரண்டு மிஸ்ட் கோல்.
ஒன்று பெர்னாண்டோ.
மற்றதைத்தான் முதலில் எடுத்தேன்.

"அந்த வத்தள வீட்டுக்காரன்
ஆறு மாச அட்வான்ஸ மூணாக் குறைப்பானாமா, கேட்டீங்களா?"

நான் இன்னும் போறதா சொல்லலயே.

"நானுந்தான் சொல்லல," என்றாள்.
"கேட்டீங்களா?"