கூடுதலாக ஒன்று

"நாலு செட் போடும்மா, கோடெல்லாம் தெளிவா விழணும்"
என்று வரைபடத்தை என் மேசைமேல் விரித்தார் சென்னகேசவன்.
இந்த ஜெராக்ஸ் கடையின் வாடகையும் அவருக்குத்தான்,
ஐந்தாம் தேதிக்கு ஐந்தாம் தேதி,
ரசீது இல்லாமல்.

பிறர் தாளைப் படிக்கக் கூடாது என்பது
எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம்.
ஜாதகம், விவாகரத்து மனு, ரத்தப் பரிசோதனை,
பழையபேட்டையில் பாதி என் கைவழியே போயிருக்கிறது
ஒரு சொல்லும் ஒட்டாமல்.

வரைபடம் எழுத்தல்லவே.
பார்த்துவிட்டேன்.

சையத் பாஷா மலையைப் பார்த்த பின்சுவர்.
அதற்கு இந்தப் பக்கம்தான் நாங்கள்:
ஒரே ஓட்டின் கீழ் ஏழு கதவு, ஒரு குழாய்,
ரோட்டோரம் என் கடை.
தாளில் அங்கே வெள்ளையாகப் பன்னிரண்டு கட்டம்,
கட்டத்துக்கு ஒரு கார்.
மாதப்பன் வீட்டு அடுப்பின்மேல் மூன்றாம் வண்டி.
பைரோஜா துணி காயப்போடும் கொடியில்
ஜெனரேட்டர்.

அடுத்தது விண்ணப்பம்.
ஒன்பதாம் கேள்வி:
தற்போது குடியிருப்போர் விவரம்.
முத்து முத்தான கையெழுத்தில்,
'எவருமில்லை.'

வெளிச்சப் பட்டை ஊர்ந்து போனது.
எவருமில்லை. எவருமில்லை.
எவருமில்லை. எவருமில்லை.
சூடாக வந்து விழுந்தன.
உள்ளே ஐந்தாம் வீட்டில் யாரோ
எண்ணெயில் மிளகாய் கிள்ளிப் போட,
அவர் தும்மினார்.
இரண்டு முறை.

"பழசாயிடுச்சும்மா. இடிஞ்சு விழுந்தா யார் பொறுப்பு?"
அது பொய்யில்லை.
போன ஐப்பசியில் சுவர் ஒரு செங்கல்லை
என் பேப்பர் கட்டின்மேல் வைத்துவிட்டுப் போனது.
கட்டட்டும், யார் வேண்டாமென்றது?

தாள் சிக்கிக்கொண்டது என்றேன்.
சிக்கவில்லை.
ஐந்தாவது நகலை லேமினேஷன் உறைக்கு அடியில் தள்ளிவிட்டு
நாலுக்கு மட்டும் காசு வாங்கினேன்.
மெஷினின் கணக்கில் ஒன்று கூடியிருந்தது.
அதை அதனால் மறைக்க முடியாது.

அன்றிரவு ஷட்டரைப் பாதி இறக்கி
ஏழு வீட்டாரையும் உள்ளே அழைத்தேன்.
வாடகை ஒப்பந்தம் இருக்கிறதா என்றதும் சிரித்தார்கள்.
வீட்டில் தேடிவிட்டு வந்தார்கள்.
மாதப்பன், காலண்டர் அட்டையின் முதுகில்
பென்சிலில் பதினோரு வருட வாடகை.
பைரோஜா, மாங்கூழ் ஆலையின் அடையாள அட்டை.
கேஸ் புத்தகம்.
இங்கேயே பிறந்த பிள்ளையின் தடுப்பூசி அட்டை.
டெய்லர் நாகோஜி ராவ் நீட்டியது
ஒரு போலீஸ் புகாரின் நகல்:
இதே வாசலில் சைக்கிள் களவு.
"இங்க ஆள் இருக்குன்னு
திருடனுக்குத் தெரிஞ்சிருக்கு பாரு."

விடிய ஒரு மணி வரை
எல்லாவற்றையும் கண்ணாடியில் கவிழ்த்துக்கொண்டிருந்தேன்.
டோனர் தீர்ந்து கடைசித் தாள்கள் வெளிறின.
குலுக்கிப் போட்டேன்.

"இடிக்கவே கூடாதுங்கறீங்களா?"
நகராட்சி எழுத்தர் மனுவைத் திருப்பிப் பார்த்தார்.
இல்லை சார்.
இருக்கிறோம் என்று எழுதச் சொல்லுங்கள்.
எழுதிவிட்டு எங்களைக் கேட்கச் சொல்லுங்கள்.
எத்தனை மாதம் அவகாசம், முன்பணம் என்றைக்கு,
கட்டி முடித்தால் திரும்பி வர வழி உண்டா,
வாயால் வேண்டாம், தாளில்.
அவர் முத்திரைக்கு மை தேடினார்.
கோட்டாட்சியர் அலுவலகத்திலும் ஒன்று கொடுங்கள் என்றார்.
விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை.
வந்தாலும் எந்தப் பக்கம் சாயும், தெரியாது.

ஐந்தாம் தேதி வந்தது.
வாடகையை எண்ணி வைத்தேன், கையை எடுக்காமல்.
"ரசீது வேணும்."
வெகுநேரம் மெஷினையே பார்த்தார்.
பிறகு, "யார் பேருக்கு எழுத?"

ஒன்பது வருடம்.
'ஏம்மா' என்பதற்கு மேல் அவருக்குத் தேவைப்பட்டதில்லை.

முனிரத்னா, என்றேன்.
அவர் பேனா எழுதவில்லை.
என்னுடையதைக் கொடுத்தேன்.