பால் பிரியாத சொல்

படகு என்று பெயர் எங்கள் ஊருக்கு.
ஆறு கிடையாது.
இருந்தவற்றைக் குழாய்க்குள் தள்ளி மூடி
மேலே நூற்பாலைகள் கட்டினார்கள்.
இந்த வூச் நகரத்தில் உட்கார்ந்துகொண்டுதான்
முழுக்க முழுக்க ஆறாகவே ஓடும்
ஒரு ஹங்கேரியப் படத்தைப் போலிஷில் பெயர்த்தேன்.
எண்பத்தேழு, நவம்பர்.
என் தட்டச்சில் ஓர் எழுத்து மட்டும்
வரியை விட்டு எப்போதும் மேலே குதிக்கும்.

கதை இதுதான்:
ஆறு ஒருவரை வைத்துக்கொண்டுதான் ஒருவரை விடும்.
படகோட்டி தெஜோ மேலே இருந்தால்
அவன் மனைவி எதெல்கா கீழே.
ஆண்டுக்கொருமுறை, முதல் பனிக்கட்டி படரும் இரவில்
ஆள் மாறலாம்.
இருவருக்கும் கம்பளிக் கோட்டு ஒன்றே ஒன்று.
அவள் கழற்றி அவனுக்கு மாட்டிவிடும் நேரம்,
பொத்தான்கள் ஐந்து,
அவ்வளவுதான் குடும்பம்.
எட்டாம் ஆண்டு பொறுக்கமாட்டாமல்
இருவரும் சேர்ந்தே குதிக்கிறார்கள்.

அப்புறம் கடைசிக் காட்சி.
சுங்கச்சாவடி. மேசையில் ஒரு கோப்பைப் பால்.
கதவு திறக்கும் ஓசை.
கேமரா திரும்புவதே இல்லை.
பாலின் மேல் ஆடை நடுங்குகிறது.
அடுப்போரம் இருக்கும் கண் தெரியாத சுங்கக்காரர்
சொல்கிறார்: வந்தாயிற்று.
திரை வெளுத்துவிடுகிறது.

அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பால் இல்லை.
என் மொழி விடாது.
வினையின் வாலைப் பிடித்து
ஆணா, பெண்ணா, அதுவா என்று விசாரித்துத்தான்
உள்ளே அனுப்பும்.

வந்தான் என்று அடித்தேன்.
அவன் பூட்ஸுக்கு அவள் எண்ணெய் தடவிவைத்தது
பின்னே எதற்கு?
கிழித்துவிட்டு, வந்தாள்.
அவன் பிளம் சாராயம்தான் தொடுவான்.
பால் யாருக்கு என்று தெரிந்தால்
பால் தெரிந்துவிடும் அல்லவா.
அதையும் கிழித்து, வந்தது என்று அடித்தேன்;
எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்தினேன்.
கணக்குத் தீர்க்க ஆறே படியேறி வந்திருந்தால்?

லுத்விக் மூன்றாம் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.
"வந்தார்கள் என்று போடேன்.
உன் கைக்காசா போகிறது?" என்றார்.
என் கழுத்திலிருந்த மப்ளரை உருவித்
தன் கழுத்தில் சுற்றிக்கொண்டு போனார்.

ஒலிப்பதிவில் இரெனியுஷ்.
காதலி பேச்சும் காவலன் பேச்சும்
அவருக்கு ஒரே குரல்தான்,
ரயில் நேரம் வாசிப்பதுபோல.
நாலு சொல்லையும் ஒன்றன்கீழ் ஒன்றாய் எழுதி நீட்டினேன்.
பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.
அந்த இடம் வந்தபோது
வாயைத் திறக்கவே இல்லை.
ஹங்கேரியக் கிழவரின் குரல் மட்டும்
தனியே போய் ஒலிநாடாவில் உட்கார்ந்தது.

நிலையத்துக்கு முப்பத்தொரு கடிதங்கள், கோளாறு என்று.
இறைச்சிக்கடை வரிசையில் ஒருத்தி
அவள்தான் வந்தாள் என்றாள்,
தன் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தாள்.
டிராம் ஓட்டுநர் மட்டும்,
"கதவு திறந்தது காற்றுக்கு.
குருடருக்கு ஆசை, அவ்வளவுதான்" என்றார்.
அவருடன் அதன்பிறகு நான் பேசுவதில்லை.

இதெல்லாம் பிறகு.
அன்று விடியற்காலை ஐந்தரை மணிக்கு
அடுப்பில் பால் வைத்திருந்தேன்.
பொங்குமோ என்று கண்ணை எடுக்கவில்லை.
பின்னால் கதவு.
மப்ளர் என் கழுத்தில் விழுந்தது.
அதைச் சுற்றிவிட்ட விரல்கள்
சில்லென்று, சொட்டச் சொட்ட.

வெளியே மழையா என்று கேட்டேன்.