அழிக்காலில் ஆறு புள்ளிகள்

சாலை விளிம்பில் ஆணி அடித்த இடம் பூச்சியம்.
அங்கிருந்து அலை நின்ற ஈரக்கோடு வரை
சித்திரை கடைசியில் நாடா பிடிப்பது என் வேலை.
ஐந்து வருஷம், மீட்டரில்:
பதினொன்று. ஏழு. ஐந்து. ஐந்து. ஏழு.

நாகர்கோவில் அலுவலகத்து மின்விசிறிக்கடியில்
அடுத்தடுத்த எண்களைக் கழித்தேன்.
கழித்து வந்ததை மறுபடி கழித்தேன்.
இரண்டு, இரண்டு, இரண்டு.
இப்படி மாறாத ஒன்று கிடைத்தால்
அது இருபடிதான்:
ஆண்டின் வர்க்கத்தில் ஏழு ஆண்டைக் கழி,
பதினேழைக் கூட்டு.

வாய் மேலே திறந்த பரவளையம்.
அதன் அடிமுனை மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்,
ஆணியிலிருந்து நாலே முக்கால் மீட்டரில் திரும்பிவிடுகிறது.
தன்மைக்காட்டி குறை பத்தொன்பது.
'மெய் மூலங்கள் இல்லை' என்று எழுதினேன்.
அதாவது கடல் சாலையைத் தொடாது.
பொறியாளர் ரெத்தினசுவாமி
பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.

ஆறாம் ஆண்டு பதினொன்று வரவேண்டும்.
வந்தது குறை நான்கு.

கள்ளக்கடல். காற்றில்லை, மழையில்லை,
வானம் நிறைய நட்சத்திரம்.
ஆணியைத் தாண்டி, தாரைத் தாண்டி
செலஸ்தீனின் கோழிக்கூட்டுக்குள்.
ஏழிலிருந்து குறை நான்குக்கு
பேனாவைத் தூக்காமல் போகும் எந்தக் கோடும்
பூச்சியத்தைக் கடந்தே ஆகவேண்டும்.
கடந்த நிமிஷத்தைப் பார்த்தவர் யாருமில்லை.

தவறிவிட்டது என்று எழுத
எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.
ஆறு புள்ளி வழியாகவும் போகும் ஒன்றைத் தேடினேன்.
இருக்கிறது. எப்போதும் இருக்கும்;
படியை ஏற்றிக்கொண்டே போனால்
எதற்கும் வளைந்துகொடுக்கும் கோவை.
பழைய பரவளையத்தை அப்படியே வைத்து
ஐந்து அடைப்புகளின் பெருக்கத்தை
முன்னால் குறை எட்டிலொன்று போட்டுச் சேர்த்தேன்.
ஒவ்வொரு பழைய ஆண்டிலும் ஓர் அடைப்பு பூச்சியமாகும்;
நடந்தது எதுவும் கெடாது.
ஆறில் மட்டும் பதினைந்து குறையும்.
நானே மெச்சிக்கொண்டேன்.

ஆனால் ஐந்தாம் படி, குறைக் கெழு.
இடக்கோடியில் வானத்துக்கு ஏறும்,
வலக்கோடியில் பாதாளம்.
ஏழாம் ஆண்டுக்குக் கேட்டேன்:
குறை எழுபத்து மூன்று.

நாடாவோடு பேருந்து ஏறினேன்.
ஆணியிலிருந்து ஊருக்குள் எழுபத்து மூன்று மீட்டர்:
குருசடி, வலை காயும் முடுக்கு,
டயரில்லாத ஸ்கூட்டர், ஓர் அடுக்களை வாசல்.
பிளமேனாள் சாளைக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தாள்.
"இங்க என்னத்த பிள்ளே அளக்க?"

சொல்லாமல், மறுகோடியைக் கேட்டேன்.
நான் அளக்கத் தொடங்குவதற்கு இரண்டாண்டு முன்னால்
நூற்றுப் பதினைந்து மீட்டர் மணல் என்கிறது கோவை.
சிரித்தாள்.
"அவ்வளவு ஏது? ஆனா எனக்க மவனுவ
பந்து களிக்க எடம் கெடந்தது."

தூண்டில் வளைவுக்கு மதிப்பீடு கேட்டிருக்கிறார்கள்.
கோப்புக்குள் ஒரு வளைவு இருந்தாக வேண்டுமாம்.
ஆறு புள்ளிகளை வைத்தேன். சேர்க்கவில்லை.
தாளில் ஏழாம் ஆண்டுக்கு நேரே
ஒரு சாளைச் செதில் ஒட்டியிருந்தது,
அச்சின் மேலா கீழா என்று சொல்லமுடியாத இடத்தில்.
ஊதினேன்.
போகவில்லை.