மூன்று புள்ளிகள்

ராத்திரி பன்னிரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவில்
என்னைக் கேட்காமல் புதுசாகியிருக்கிறது.
திறந்தால் வெள்ளை வெளேரென்று ஒரு வெளி.
நடுவில் ஒரு பெட்டி, தமிழிலேயே கேட்கிறது:
வணக்கம் சகாயமேரி,
இன்று என்ன உருவாக்கப் போகிறோம்?

போகிறோமாம்.
யார் யார்?

ஹொரமாவு, மார்ச் கடைசி, காலை ஆறு நாற்பது.
ஷெட்டுக்கு வெளியே நாலு டேங்கர்
வயிறு நிறைந்து உறுமிக்கொண்டு நிற்கின்றன.
கடைசி வண்டியின் வால்வு சொட்டுகிறது.
அடியில் ஒரு நாய் நாக்கை நீட்டிக் குடிக்கிறது,
அதற்கு எந்த ஆப்பும் வேண்டாம்.

நான் படித்தது பி.காம்., அதிலும் ஒரு தாள் பாக்கி.
மூன்றாம் பதிப்பு அதையெல்லாம் விசாரிக்கவில்லை.
இடப்பக்கம் கட்டங்கள், வலப்பக்கம் கைப்பேசியின் படம்.
கட்டத்தை இழுத்து வந்து படத்தில் போடு, அவ்வளவுதான்.
பெயர் ஒரு கட்டம், கிராஸ் ஒரு கட்டம்,
ஆறாயிரம் லிட்டரா பன்னிரண்டாயிரமா,
காசு வந்ததா,
கேட்டில் நாய் உண்டா (இது டிரைவர் முனிராஜு கேட்டது).
கீழே வலது மூலையில் பச்சையாய் 'அனுப்பு'.
மகளுக்கு அம்மை போட்டிருந்த பதினோரு நாளில்
கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து செய்து முடித்தேன்.
முதலாளி சலபதி தன் மச்சினனிடம் காட்டி
'நம்ம ஆபீஸ் சாஃப்ட்வேர்' என்றார்.
என் பெயரைச் சொல்லவில்லை. பரவாயில்லை,
கடவுச்சொல் என் பெயர்தான்.

நாலில் பச்சை நீலமானது.
ஐந்தில் கட்டங்களுக்குக் 'கூறுகள்' என்று பெயர் வைத்தார்கள்.
ஆறில் கூறுகளைப் பார்க்க ஒரு பலகையைத் திறக்கவேண்டும்,
பலகையைத் திறக்க ஒரு கோட்டை அழுத்தவேண்டும்,
அது வெறும் கோடு என்றே
இரண்டு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.
ஏழு வந்தது நினைவில் இல்லை, அப்போது மழை.
எட்டில் மாதக் கட்டணம்.

இது ஒன்பது.
எல்லாம் சுலபமாகிவிட்டது என்று அதுவே சொல்கிறது.
எதையும் இழுக்க வேண்டாம், போட வேண்டாம்,
பெட்டியில் சொன்னால் போதும்.

சொன்னேன்.
தண்ணீர், என்றேன்.
ஓர் உருண்டை சுற்றியது, சுற்றியது,
பிறகு எனக்கு அழகாய் ஒரு ஆப் செய்து தந்தது:
நீல அலை, சிரிக்கும் துளி,
நாளைக்கு எட்டு டம்ளர் குடிக்கச் சொல்லி
மணிக்கொரு தரம் நினைவூட்டுமாம்.

ஹென்னூர்ப் பக்கம் மூன்று நாளாகக் குழாய் காற்றை ஊதுகிறது.
நேற்று பதினொரு மணிக்கு மேல் ஒருத்தி கூப்பிட்டாள்.
'குளிக்க இல்லக்கா, கழுவ' என்றாள்,
அதற்கு மேல் சொல்லாமல் வைத்துவிட்டாள்.
அவளுக்கு இந்தத் துளியை அனுப்பவா?

ஹாரன்.
முனிராஜு ஜன்னலில் தலையை நுழைக்கிறான்:
மேடம், யாவ மனெ?
எந்த வீடு என்றுதானப்பா நானும் தேடுகிறேன்.
முப்பத்தேழு வீடும் இதற்குள்ளேதான் எங்கோ
வாளியோடு நிற்கின்றன.

பழையபடி திரும்ப ஒரு வழி வைத்திருப்பார்கள்.
அமைப்புகளுக்குள் போனேன், அதற்குள்ளும் அமைப்புகள்.
கடைசியில் திரையின் உச்சியில்
ஈ எச்சமிட்ட மாதிரி மூன்று புள்ளிகள்.
அழுத்தினால் ஒரு பட்டியல்,
பட்டியலின் அடியில் இன்னும் மூன்று புள்ளிகள்,
அதற்குள்ளே, சாம்பல் நிறத்தில்,
பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்கு வந்துவிட்ட
உறவுக்காரன் போல ஒதுங்கி
என் 'அனுப்பு'.
இப்போது பெயர் 'பகிர்'.

அழுத்தினேன்.
வெளியே நாலு கைப்பேசியும் ஒரே நேரத்தில் கூவின.

ஏழு ஐந்து. முதல் வண்டி போய்விட்டது.
ஈரமான மண்ணை நாய் இன்னும் நக்கிக்கொண்டிருக்கிறது.
பில் புத்தகத்தின் பின்னட்டையில் வழியை வரைகிறேன்:
உச்சி, மூன்று புள்ளி, அடி, மூன்று புள்ளி, சாம்பல்.
பக்கத்தில் போன முறை வரைந்த வழி,
அதற்குப் பக்கத்தில் அதற்கு முந்தியது,
இரண்டும் இப்போது எங்கும் போவதில்லை.

திரையில் அந்தத் துளி துள்ளுகிறது:
சகாயமேரி, நீங்கள் இன்று
இன்னும் தண்ணீர் குடிக்கவில்லை.

உண்மைதான்.